நாள் தள்ளிப்போகும் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டை. வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன், எம்.சி. ரோடு கடைகளுக்குப் புடவை ஃபால்ஸும் அடித்துக் கொடுக்கிறேன். என் மருமகள் என் சொந்த அண்ணன் மகள். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் உண்டானாள். நீர்க்கட்டி இருப்பதால் அவளுக்கு மாதம் தள்ளித் தள்ளித்தான் வரும். அதனால் லேட்டாகத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே ஸ்கேனில் ஒன்பது வாரம் என்றார்கள். ஃபோலிக் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரம் போட்டாள், ஒரே வாந்தி. மாத்திரை சூடு, பத்து நாள் நிறுத்து என்று நான்தான் சொன்னேன். ஐந்தாம் மாச ஸ்கேனில் குழந்தைக்கு மண்டையோடு வளரவில்லை, பிழைக்காது என்றார்கள். எடுத்துவிட்டோம். ஒரு வருஷம் ஆகப்போகிறது. கிரகணத்தன்று அவள் காய் நறுக்கியதால்தான் இப்படி ஆனது என்று தெருவில் பேசுகிறார்கள். எனக்கோ அந்தப் பத்து நாள்தான் மனசை அறுக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மறுபடியும் குழந்தைக்குப் பார்க்கலாம் என்று இருக்கிறார்கள். டாக்டர் இப்போதே ஃபோலிக் போடச் சொல்கிறார். உண்டாவதற்கு முன்னாலேயே எதற்கு மாத்திரை? முருங்கைக்கீரை, சிறுகீரை என்று தினமும் செய்து போட்டால் போதாதா? மாத்திரை சாப்பிட்டால் இந்த முறை எந்தக் குறையும் வராதா? என் மகளுக்கும் தையில் கல்யாணம் வைத்திருக்கிறோம். அவளுக்கும் வேண்டுமா? (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

மற்ற கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பத்து நாள் கணக்கைப் பார்த்துவிடலாம்.

முதல் ஸ்கேனிலேயே ஒன்பது வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேன் சொல்லும் வாரம், கருவின் நீளத்தை அளந்து சொல்வது. நீர்க்கட்டியால் மருமகளுக்கு மாதவிலக்கு தள்ளி வந்திருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாகத் தப்பாது. இதே கணக்கில், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழாய் ஆறாவது வாரம் முடிவதற்குள் மூடிவிட வேண்டும். கரு உண்டான நாளிலிருந்து எண்ணினால் 28 நாள். அதிலும் மண்டையோடு வளராத குறை என்பது குழாயின் மேல்முனை மூடாததால் வருவது. மேல்முனை 25ஆம் நாள் வாக்கிலேயே மூட வேண்டியது. ஆக, உங்கள் மருமகள் முதல் மாத்திரையை வாயில் போட்ட அன்றைக்கே அந்த வேலை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கும் பிறகுதான் நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தாலும், அவள் ஒரு வேளை தவறாமல் போட்டிருந்தாலும், ஐந்தாம் மாதத்தில் அதே முடிவுதான் வந்திருக்கும்.

உங்கள் மனசு ஆறட்டும் என்று சொல்லும் சமாதானமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எழுதி அனுப்பிய தேதிகளே சொல்வது இது. அந்தப் பத்து நாளை இனி சுமக்காதீர்கள்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வானத்தில் நிழல் விழுவது கர்ப்பப்பைக்குள் இருக்கிற குழந்தையை எதுவும் செய்யாது. காசிமேட்டில் கிரகணத்தன்றும் உட்கார்ந்து மீன் அரிந்த கர்ப்பிணிகளுக்கு நானே பிரசவம் பார்த்திருக்கிறேன், தாயும் பிள்ளையும் நன்றாக வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். குழந்தையை இழந்த பெண்ணின் தலையிலேயே பழியையும் ஏற்றுவது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிற விஷயம். நீங்கள் அவளுக்கு மாமியார் மட்டும் இல்லை, அத்தையும்கூட. அடுத்த முறை தெருவில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் அவளுக்கு முன்னால் நீங்கள் வாய் திறந்து மறுத்துச் சொல்லுங்கள். அது அவளுக்குப் பெரிய மருந்து.

சரி, உண்டாவதற்கு முன்னால் எதற்கு மாத்திரை என்ற கேள்விக்கு வருவோம். நீங்கள் தைக்கிறவர், அதனால் உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஜாக்கெட் கை தைக்கும்போது தட்டையான துணியின் இரண்டு ஓரத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்து தையல் ஓட்டுகிறீர்கள், துணி குழாய் ஆகிவிடுகிறது. கருவிலும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது. கரு உண்டாகி மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப் பக்கத்தில் உயிரணுக்கள் ஒரு தட்டையான பட்டை போலப் படர்ந்திருக்கும். பட்டையின் இரண்டு ஓரமும் எழும்பி, நடுவில் வந்து ஒட்டும். கழுத்து வரப்போகிற இடத்தின் பக்கத்தில் ஒட்ட ஆரம்பித்து, அங்கிருந்து மேலேயும் கீழேயும் ஓடும். மேலே போவது மூளை, கீழே போவது தண்டுவடம். மேல்முனை திறந்தே நின்றுவிட்டால் உங்கள் வீட்டில் நடந்தது நடக்கும். கீழே ஓர் இடத்தில் விட்டுப்போனால் அதற்கு முதுகெலும்புப் பிளவு என்று பெயர். ஸ்பைனா பைஃபிடா என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். ஆனால் முதுகில் திறந்த காயத்தோடு பிறந்து, ஓரிரு நாளில் அறுவை சிகிச்சைக்குப் போய், காலில் பலம் இல்லாமல், சிறுநீரும் மலமும் கட்டுப்படாமல், சிலர் தலையில் நீர் கோர்த்துக்கொண்டு, அந்தத் தாய்மார்கள் படுகிற பாடு சொல்லி மாளாது.

அந்தச் சில நாட்களில் உயிரணுக்கள் பிரிந்து பிரிந்து பெருகும் வேகம் மிக அதிகம். ஒவ்வொரு முறை பிரியும்போதும் உள்ளே இருக்கும் மரபணுவுக்கு முழுசாக ஒரு நகல் எடுக்க வேண்டும். அந்த நகலுக்கான பொருளைச் செய்ய ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். அதுதான் அங்கே நூல். பாபினில் நூல் இல்லை என்றால் நீங்கள் மெஷினை நிறுத்திவிட்டு நூல் சுற்றலாம். கருவில் அப்படி நிறுத்தி வைக்க முடியாது. 28ஆம் நாளோடு அந்தத் தையல் முடிகிறது, பிறகு பிரித்துத் தைக்க வழி கிடையாது. மாத்திரையும் போட்ட மறுநாளே உடம்பில் நிறைந்துவிடாது. ரத்தத்தின் சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் புதிதாக உருவாகும்போதுதான் ஃபோலேட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பழையவை போய், சத்து நிறைந்த புதியவை போதுமான அளவுக்கு வருவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். டாக்டர் இப்போதே தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

நம் பக்கத்தில் வழக்கமாக என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாள் தள்ளிப்போகிறது. நாற்பது நாள் போகட்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்புறம் மருந்துக்கடையில் கிட் வாங்கி, இரண்டு கோடு பார்த்து, அம்மா வீட்டுக்குச் சொல்லி, நல்ல நாள் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எட்டு வாரம், ஒன்பது வாரம். ஒழுங்காக மாதம் வருகிற பெண்ணுக்கு, நாள் தள்ளிப்போன இரண்டே வாரத்தில் குழாய் மூடும் வேலை முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்து பிக்மி எண் வாங்க வேண்டும், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கு அது வேண்டும் என்று நம் பெண்களுக்கெல்லாம் தெரியும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி வாசலில் காலையில் போய் நின்று பாருங்கள், எத்தனை பேர் ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு பொறுப்பாக வந்திருக்கிறார்கள் என்று தெரியும். பதிவதில் குறை வைக்காதவர்கள் நாம். ஆனால் பதிந்த அன்றைக்குக் கையில் கிடைக்கிற ஃபோலிக் மாத்திரை, இந்தக் குறையைத் தடுக்கிற வேலைக்கு ஏற்கெனவே தாமதம். தாயின் ரத்தத்துக்கு அது அப்போதும் நல்லதுதான், வேண்டாம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். குழாய்க்கு மட்டும் அது உதவாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஸ்கேன் எடுக்கும் வழக்கம் கிடையாது. குழந்தை வெளியே வந்த பிறகுதான் தெரியும். அப்படி ஒரு பெண்ணுக்கு நான் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதினேன். இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன், காயத்துக்கு மருந்து எழுதினேன், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றும் எழுதினேன். அடுத்த குழந்தைக்கு நினைக்கும்போது முன்கூட்டியே ஃபோலிக் தொடங்க வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. எனக்குத் தெரியும், ஆனாலும் எழுதவில்லை. சில வருஷம் கழித்து அதே பெண் அதே வார்டுக்கு வந்தார், அதே குறையோடு ஒரு குழந்தை. மாத்திரை போட்டிருந்தால் நிச்சயம் தடுத்திருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டது நான். அன்றிலிருந்து என்னிடம் வருகிற எந்தப் பெண்ணையும் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

கீரை போதாதா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, ஏனென்றால் இந்த மாத்திரையின் பெயரே இலையிலிருந்து வந்ததுதான். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். நம் பெரம்பூரில் பின்னி மில் இருந்ததே, அதுபோல அங்கே நிறையத் துணி மில்கள். அங்கே வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் ஒருவிதக் கடுமையான ரத்தசோகை வந்தது. அவர்கள் சாப்பாட்டில் ஏதோ ஒன்று குறைகிறது என்று கவனித்த வில்ஸ், மார்மைட் என்கிற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். தேறினார்கள். அதில் இருந்த பொருள் என்னவென்று அப்போது தெரியாது. 1941இல் அமெரிக்காவில் நாலு டன் பசலைக்கீரையைக் காய்ச்சி வடித்து, அதிலிருந்து மிகச் சிறிய அளவு ஒரு பொருளைப் பிரித்தார்கள். இலைக்கு லத்தீனில் ஃபோலியம் என்று பெயர், அதனால் ஃபோலிக் அமிலம். இதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். இன்று ஒரு டீ குடிக்கிற காசுக்குப் பல நாள் மாத்திரை கிடைக்கிறது என்றால், அவரைப் போன்றவர்கள் அதைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கத் தேவையில்லாமல் செய்ததால்தான்.

கீரையில் இருக்கிற ஃபோலேட் தண்ணீரில் கரைந்துபோகும், சூட்டில் அழியும். நாம் கீரையைக் குழைய வேகவைத்து, சில வீடுகளில் அந்தத் தண்ணீரை வடித்தும் கொட்டிவிடுகிறோம். மீந்ததை மறுபடியும் சூடு பண்ணுகிறோம். மிச்சம் இருப்பதிலும் மாத்திரையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேருகிறது. செறிவூட்டிய அரிசியில் ஃபோலிக் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை. நிர்ணயித்த அளவு கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம். ஓர் ஆள் ஒரு நாளைக்கு முந்நூறு கிராம் அரிசி சாப்பிட்டால் முப்பது மைக்ரோகிராம் வாக்கில் வரும். சாதாரணமாக ஒரு பெண்ணுக்குக் கருத்தரிப்பதற்கு முன் மாத்திரையாகத் தேவைப்படுவது தினம் 400 மைக்ரோகிராம். உங்கள் மருமகளுக்கு அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். எவ்வளவு ஆசையாகச் சமைத்துப் போட்டாலும் கீரையால் அந்த அளவை எட்ட முடியாது.

அதற்காகக் கீரையை நிறுத்திவிடாதீர்கள். குறைந்த தண்ணீரில், மூடி போட்டு, சீக்கிரம் இறக்குங்கள். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல் எல்லாமே நல்லவை. ஆட்டு ஈரல் மட்டும் இப்போதும் முதல் மூன்று மாதமும் வேண்டாம். ரத்தம் ஊறும் என்று வாங்கி வருவார்கள், ஃபோலேட்டும் அதில் நிறைய உண்டு, ஆனால் கருவுக்குக் கெடுதல் செய்யும் அளவுக்கு அதில் வைட்டமின் ஏ இருக்கும்.

மருமகளுக்குப் பத்து மடங்கு ஏன் என்று சொல்ல வேண்டும். ஒரு முறை இந்தக் குறை வந்த தாய்க்கு அடுத்த குழந்தைக்கும் வருகிற வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 5 வரை. மற்றப் பெண்களைவிட இது பல மடங்கு. இப்படி ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு இந்தக் குறை வந்த தாய்மார்களையே சேர்த்து 7 நாடுகளில் 33 மையங்களில் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். மொத்தம் 1,817 பெண்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு, உண்டாவதற்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம், ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு அது இல்லை. 27 குழந்தைகளுக்கு மறுபடியும் குறை வந்தது. அதில் 21 குழந்தைகளின் தாய்மார்கள் ஃபோலிக் கிடைக்காத பக்கம், 6 பேர் கிடைத்த பக்கம். இவ்வளவு வித்தியாசம் தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு மாத்திரை கொடுக்காமல் வைத்திருப்பது நியாயம் இல்லை என்று 1991இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷமே ஹங்கேரியில் நடந்த இன்னோர் ஆய்வு, முன்பு எந்தக் குறையும் வராத பெண்களுக்கும் ஃபோலிக் கலந்த வைட்டமின் மாத்திரை பலன் தருகிறது என்று காட்டியது.

அந்த 6 பேரையும் மறைக்காமல் உங்களுக்குச் சொல்கிறேன். மாத்திரை சாப்பிட்டால் எந்தக் குறையும் வராதா என்றால், அப்படி உறுதி கொடுக்க என்னால் முடியாது. பத்தில் ஏழு வாக்கில் இந்த நரம்புக்குழாய்க் குறை தடுக்கப்படுகிறது. டவுன் சிண்ட்ரோம் போன்ற மரபணுக் குறைகளுக்கு இது காவல் கிடையாது. ஆனாலும் இவ்வளவு மலிவாக, இவ்வளவு பெரிய துயரத்தைத் தடுக்கிற பொருள் என் தொழிலில் எனக்குத் தெரிந்து வேறு அதிகம் இல்லை.

இனி மருமகள் என்ன செய்ய வேண்டும் என்பது. நம் கடைகளில் கிடைப்பது 5 மில்லிகிராம் மஞ்சள் நிறச் சின்ன மாத்திரை. அவளுடைய டாக்டர் எழுதியதும் அதுவாகத்தான் இருக்கும். தினம் ஒன்று. இன்றிலிருந்து குறைந்தது மூன்று மாதம் போட்ட பிறகு குழந்தைக்கு முயற்சி செய்யட்டும், அதுவரை ஆணுறை பயன்படுத்தச் சொல்லுங்கள். இதை மகனிடம் நேரே சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உண்டான பிறகு பன்னிரண்டு வாரம் வரை இதே மாத்திரை. அதற்கு அப்புறம் இந்த அளவு தேவையில்லை, இரும்புச்சத்தோடு சேர்ந்து 500 மைக்ரோகிராம் ஃபோலிக் இருக்கிற வழக்கமான மாத்திரை போதும். விலை அதிகமான மெத்தில்ஃபோலேட் மாத்திரை இதைவிட உசத்தி என்று யாராவது சொன்னால் காசைச் செலவழிக்க வேண்டாம். இந்தக் குறையைத் தடுக்கும் என்று ஆய்வில் நிரூபணமானது சாதாரண ஃபோலிக் அமிலம்தான்.

மாத்திரை தொடங்கும்போதே இரண்டு ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். ஒன்று வைட்டமின் பி12. நீர்க்கட்டிக்கு அவளுக்கு மெட்ஃபார்மின் கொடுத்திருக்கலாம், அதை நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 குறையும். பி12 குறைவே இந்தக் குறைக்கு ஒரு தனிக் காரணம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பி12 குறைந்திருக்கிற உடம்பில் 5 மில்லிகிராம் ஃபோலிக் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டுக்கொண்டே போகும். குறைந்திருந்தால் அதையும் மாத்திரையாகவோ ஊசியாகவோ ஏற்ற வேண்டும். மீன், முட்டை, பால் மூன்றிலும் பி12 உண்டு. இரண்டாவது, மூன்று மாதச் சராசரி சர்க்கரை. நீர்க்கட்டி இருக்கிற பெண்களுக்கு வயது குறைவாக இருந்தாலும் சர்க்கரை ஏறியிருக்கலாம், அது தெரியாமலே உண்டானால் அந்த முதல் சில வாரத்தில் குழாய்க்கு ஆபத்து. எடை அதிகமாக இருந்தால் இந்த மூன்று மாதத்தில் கொஞ்சமாவது குறைக்கட்டும். வலிப்புக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் அதைத் தானாக நிறுத்தாமல் நரம்பு டாக்டரைப் பாருங்கள். வால்புரோயேட் என்ற மருந்து இந்தக் குறையை அதிகமாக்கும், முன்கூட்டியே வேறு மருந்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

மருமகள் உங்கள் அண்ணன் மகள் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சொந்தத்தில் கட்டியதால்தான் இது வந்தது என்று நான் சொல்லவில்லை. சொந்தமே இல்லாத தம்பதிகளுக்கும் இந்தக் குறை வருகிறது. ஆனால் சொந்தத்துக்குள் வரக்கூடிய சில பரம்பரை நோய்களில் இதே மாதிரி மூளைக் குறையோடு சிறுநீரகம் வீங்கியிருப்பது, ஆறு விரல் போன்றவையும் சேர்ந்து இருக்கும். அப்படிப்பட்டதற்கு ஃபோலிக் உதவாது, மரபணு ஆலோசனைதான் வேண்டும். போன முறை எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டும், குழந்தையை எடுத்த பிறகு கொடுத்த சீட்டும் பத்திரமாக இருந்தால் டாக்டரிடம் காட்டி இந்த ஒரு விஷயத்தைக் குறிப்பாகக் கேளுங்கள்.

அடுத்த முறை 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கிற ஸ்கேனைத் தவற விடாதீர்கள். மண்டையோடு சரியாக வந்திருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும், ஐந்தாம் மாதம் வரை அந்தப் பயத்தோடு இருக்க வேண்டியதில்லை. முதுகெலும்பை முழுசாகப் பார்க்க 18 முதல் 20 வாரத்தில் இன்னொரு ஸ்கேன்.

சூடு பற்றி எழுதியிருந்தீர்கள். முதல் மூன்று மாத வாந்தி பெரும்பாலும் கர்ப்பத்தால் வருவது. குமட்டல், வயிறு எரிவது, மலம் கறுப்பது எல்லாம் இரும்புச்சத்து மாத்திரையால் வரும், ஃபோலிக்கால் வருவது அபூர்வம். தண்ணீரில் கரைகிற வைட்டமின் இது, மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். காலையில் குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடட்டும்.

மகள் விஷயம் சுலபம். தையில் கல்யாணம் என்றால் ஐப்பசியிலேயே தொடங்கிவிடலாம். அவளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். கடையில் 5 மில்லிகிராம்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள், 400 மைக்ரோகிராம் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸிடமும் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் வாரத்துக்கு ஒருமுறை கொடுத்த நீல மாத்திரையை அவள் சாப்பிட்டிருப்பாள். அதில் இருப்பது 500 மைக்ரோகிராம், அதுவும் வாரத்துக்கு ஒன்று. ரத்தசோகைக்கு அது சரி, இந்தக் காரியத்துக்குத் தினமும் வேண்டும். உடனே குழந்தை வேண்டாம் என்று அவர்கள் தள்ளிப்போட நினைத்தாலும் மாத்திரை நடக்கட்டும். நினைக்காமல் உண்டாவது நம் வீடுகளில் புதிதா என்ன? சீர் வரிசைக்கு லிஸ்ட் போடுகிற அம்மாக்களிடம் நான் சொல்வது உண்டு, கடைசியில் இந்த மாத்திரை அட்டை ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

கடைசியாக, அந்தப் பத்து நாளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மருமகளிடம் சொல்லுங்கள். தான் காய் நறுக்கியதைப் பற்றி அவளும் இதே மாதிரி உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பேருமாக உட்கார்ந்து மேலே இருக்கிற வாரக் கணக்கைப் படித்துப் பாருங்கள். அப்புறம் மாத்திரை தொடங்குகிற தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து மூன்று மாதம் எண்ணி இன்னொரு வட்டம் போட்டு வையுங்கள்.